ஆப் பண்ணிறாதீக

சாவியைத் திருப்பினேன். டிக் டிக் என்றது. மறுபடியும் திருப்பினேன், அந்தச் சத்தம்கூட வரவில்லை. சனிக்கிழமை காலையிலேயே கார் என்னைக் கைவிட்டது. ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். வலித்தது எனக்குத்தான்.

மறுநாள் காலை ரவிக்குமார் என்பவர் இந்தக் காரை வாங்க வருகிறார். மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டே என் வீட்டுக்காரர் வேல்பாண்டி ஏற்பாடு செய்துவிட்டார். "எத்தனை தடவைதான் பேட்டரி சாகும்? ஒரு வண்டியப் பாத்துக்கத் துப்பில்ல. சும்மா நின்னு வீணாப் போறதுக்கு வித்துத் தொலைச்சிரலாம்" என்று போனில் கத்தினார். துப்பில்லையாம். அவர் போன பிறகு கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தவள் நான். காளையார்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. வீடு இருக்கிற செக்காலையிலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கிப் போய், நசுங்கி வருகிறேன். அவர் லீவில் வந்ததும் ஓட்டிக் காட்டிச் சம்மதம் வாங்கி, காரிலேயே வேலைக்குப் போகலாம் என்று கனவு கண்டிருந்தேன். இதை விற்றுவிட்டால் எனக்கு வேறு யார் வாங்கித் தரப்போகிறார்கள்?

அவர் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. வாரம் ஒருநாள் ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிட்டேன். காற்றுப் பார்த்தேன். எலி வயரைக் கடிக்காமலிருக்க பானட்டுக்குள் புகையிலை வைத்தேன். துணி உறை போட்டு மூடினேன். வெளியே மட்டும் எடுக்கக்கூடாது, கீறல் விழுமாம். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "ஒனக்குத் திரும்ப மாட்டத் தெரியாது" என்றார். இதற்குமேல் நான் என்ன செய்ய? காருக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கவா?

மெக்கானிக் முத்துக்கண்ணன் வந்து பார்த்தார். "பேட்டரி நல்லாத்தான் இருக்குக்கா. ஏதோ ஒண்ணு கரண்ட்டத் திங்குது. நாளைக்குக் காலையில வயர் கொண்டாந்து என் வண்டியில இருந்து உசுரு குடுக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துணி துவைக்கப் போனேன், பாதியில் விட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு மறுபடி ஓடினேன். குழம்பு தீய்ந்தது. எதற்கு ஓடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மாமியார் பொன்னுத்தாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல்தான் சந்தேகம். நான் டிரைவிங் பழகப் போனபோது, "பொம்பளப்பிள்ளைக்கு எதுக்குத்தா இது?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர். எதையோ பிடுங்கிவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி இருக்கிறார் என்று மனசுக்குள் கறுவினேன்.

பொழுது சாய்ந்தது. மாமியார் சாமி விளக்கை ஏற்றிவிட்டுக் ஷெட்டுப் பக்கம் போனார். பூனை மாதிரிப் பின்னால் போனேன். அவர் உறையைத் தூக்கினார், கதவைத் திறந்தார், உள்ளே கூரையில் இருக்கும் விளக்கைத் தடவினார். என்னைக் கண்டும் பதறவில்லை.

"ஏத்தா ஈஸ்வரி, வண்டிக்குள்ள லைட்டு எரியமாட்டேங்குது. பீஸ் போயிருச்சா?"

"எரியுறதுக்கு அதுல என்னத்த மிச்சம் வச்சீக? தெனமுமா போடுறீக?"

"வெளக்கு வைக்கிற நேரத்துல எம்மகன் சம்பாத்தியம் இருட்டுக்குள்ள கெடக்கலாமா? வீடு பூராம் போடுறோம்ல, அதுமாதிரிதேன். படுக்கப் போறப்ப மறக்காம அமத்திருவேன்."

"ஐயோ அத்தை! எஞ்சின் ஓடாம லைட்டப் போட்டா பேட்டரி செத்துப் போகும். நீங்கதேன் கொன்னிருக்கீக. நான் வாங்காத பேச்சில்ல அவருகிட்ட!"

இன்னும் என்னென்னவோ கத்தினேன். அவர் காரின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "அவன் பேரச் சொல்ல இங்குட்டு இது ஒண்ணுதானத்தா இருக்கு. இருட்டுல விட மனசு வரல" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப என்னாலதேன் விக்கிறானா?" என்று கேட்டார். அதுவரை கொதித்துக்கொண்டிருந்தவள் அழுதுவிட்டேன். ராத்திரி இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முத்துக்கண்ணன் வயரை மாட்டினார். வண்டி இருமியது, உறுமியது, பிடித்துக்கொண்டது. "ஆப் பண்ணிறாதீகக்கா. நின்ன எடத்துல ஓடுனா சார்ஜ் சரியா ஏறாது. ரோட்டுல நல்லா ஒரு ஓட்டம் ஓட்டிட்டு வாங்க" என்றார்.

ரவிக்குமார் வருகிற நேரம். வெளியே எடுக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் உத்தரவு. சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டேன். இடது பக்கக் கதவு திறந்தது. மாமியார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார்.

"நானும் வாரேன். எடு."

கியரை மாற்றும்போது ஒருமுறை குலுங்கியது. மாமியார், "ஆத்தாடி!" என்றார், இறங்கவில்லை. ஊரைத் தாண்டிக் காளையார்கோவில் ரோட்டில் ஏறியதும் போன் அடித்தது. வீட்டுக்காரர்தான். மாமியார் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்கம்மா போனீக? ரவிக்குமார் வாசல்ல நிக்கிறாரு. ஷெட்டு காலியா இருக்குதாம்!"

"அவரப் போகச் சொல்லுடா. வண்டிக்கு வேலை வந்துருச்சு."

"என்ன வேலை? யாரு ஓட்டுறது?"

"ஒம் பொண்டாட்டிதேன். பெறகு நானா ஓட்டுறேன்?"

"மொதல்ல ஓரமா நிறுத்தி ஆப் பண்ணச் சொல்லுங்க!"

"ஆப் பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆகாதுங்க" என்று நான் கத்தினேன். பொய்யில்லை. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த உண்மையையும் சொன்னதில்லை.

"அவள வையாதடா. பேட்டரியக் கொன்னவ நான்தேன், தெனமும் லைட்டப் போட்டு. இனிமே வண்டி நிக்காது. அவ வேலைக்கு ஓட்டிக்கிட்டுப் போவா" என்றார் மாமியார்.

பின்னால் ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது.

"அந்தக் கண்ணாடி..." என்றார் வீட்டுக்காரர். குரல் இறங்கியிருந்தது. "ஷெட்டுல இடிக்கும்னு எடது பக்கக் கண்ணாடிய மடக்கி வச்சிருந்தேன். நிமித்திட்டாளா?"

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி மடங்கியே இருந்தது.

"அதெல்லாம் அப்பவே நிமித்தியாச்சு" என்றார் மாமியார். போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அதை நிமிர்த்தினார்.