சதுரம் விழுந்த இடம்

எங்கள் பவுல்பாண்டியன் சாருக்குத் தாவரவியலைவிடக் கோபம் நன்றாக வரும். களப்பயிற்சிக்குத் திருவேங்கடம் பக்கத்து மேய்ச்சல் புறம்போக்குக்குப் போகிறோம் என்று அவர் சொன்னதுமே கோமதித்தாய் எழுந்து, "வேற எங்கயாவது போவோமே சார்" என்றாள்.

"ஏன், புருஷன் ஊருக்கு வர வெக்கமா இருக்கோ?" என்றார். வகுப்பே சிரித்தது.

மழைக்குப் பிறகு கரிசல் பச்சை கட்டிக் கிடந்தது. இரண்டு பேருக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் குழாயில் செய்த சதுரச் சட்டம் கொடுத்தார். செல்போனில் குலுக்கல்போல வரும் எண்ணுக்குத் தக்கபடி அத்தனை அடி நடந்துபோய்ச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் செடிகளை வேரோடு பிடுங்கி, இனம் பிரித்து எண்ண வேண்டும்.

"செடி நல்லாருக்க இடமாப் பாத்து வைக்கது களவு. விழுந்த இடம் விழுந்த இடந்தான்" என்றார். அவர் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு எரிச்சல்.

கோமதியும் நானும் ஒரு ஜோடி. எங்கள் எண் முள் நிறைந்த ஓர் உடைமரத்தடியில் கொண்டுபோய் விட்டது. கோமதி மரத்தடிப் புல்லை விலக்கி ஒரு கல்லைப் பார்த்தாள். பிறகு சட்டத்தைத் தள்ளி வைத்தாள். சார் பார்த்துவிட்டார். வேகமாக வந்து சட்டத்தை மரத்தடிக்கே இழுத்துப் போட்டார்.

"படிச்சுப் படிச்சுச் சொல்லுதேன், மண்டையில ஏறாதா?" என்று குனிந்து ஒரு தும்பையை வேரோடு பிடுங்கினார்.

"பிடுங்காதீங்க சார். எம் பிள்ளை இங்கனதான் கிடக்கு."

போன வருஷம் ஐப்பசியில் அவளுடைய கைக்குழந்தை இறந்தது எங்களுக்குத் தெரியும். எங்கே புதைத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆண்கள்தான் தூக்கிப் போனார்களாம். உடைமரமும் ஒரு கல்லும் அடையாளம் என்று புருஷன் சொல்லியிருக்கிறான். நாய் தோண்டாமலிருக்கப் போட்ட முள் மட்கிப்போய், கல் மட்டும் புல்லுக்குள் கிடந்தது.

சார் நிமிர்ந்தார். பிடுங்கிய செடியை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தார். "ஜெனிபா, சட்டத்தை எடும்மா. வேற இடம் பாப்போம்" என்று என்னிடம் சொன்னார்.

"எடுக்காதட்டி" என்றாள் கோமதி. சார் கையிலிருந்த தும்பையை வாங்கி, அதே குழியில் நட்டு மண்ணை அமுக்கினாள். "விழுந்த இடம் விழுந்த இடந்தான் சார். நான் பிடுங்காம எண்ணுதேன்."

மண்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னாள். அருகு. தும்பை. குப்பைமேனி. மறுபடியும் தும்பை. எனக்குக் கண்ணீர் மறைத்தது, எழுதாமல் நின்றேன்.

"எழுதுட்டி. ஒண்ணு விடாம எழுது. எம் பிள்ளை மேல என்னல்லாம் முளைச்சிருக்குன்னு நான் இன்னைக்குத்தான் பாக்கேன்."