ஐயாயிரம் அடிக் கல்

நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டுக் கொள்ளுங்கள். மலை முடிந்து பாலை தொடங்கும் எல்லைக்கோட்டை ஒருத்தி கண்ணால் பார்த்த கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் பெனித்தாவுக்கு எழுநூறு செம்மறிகள். கணவன் போன பிறகு அவளும் கொழுந்தன் ஹாசிந்தோவும்தான் மேய்த்தார்கள். ஸ்பெயின் பக்கத்துப் பாஸ்க் நாட்டிலிருந்து கடல் கடந்து வந்த குடும்பம். வீடு என்றால் கித்தான் கூரை போட்ட வண்டிதான். அதற்குள் ஓர் அடுப்பு, ஒரு கட்டில், பேட்டரியில் ஓடும் ஒரு வானொலி.

நண்பகலில் வானொலி வானிலை சொல்லும். முதலில் ஐயாயிரம் அடிக்கு மேலே இருக்கும் மலைக்கு, பிறகு அதற்குக் கீழே விரிந்த பாலை மேட்டுக்கு. மலைச் செய்தி பெனித்தாவின் காதில் விழுந்ததே இல்லை. பாலைக்காரிக்கு அது எதற்கு? பேட்டரியை மிச்சம் பிடிக்க, அடுப்பில் பீன்ஸ் கொதித்து அடங்கிய பிறகே குமிழைத் திருகுவாள். சரியாகப் பாலை மேட்டில் குரல் ஆரம்பிக்கும். பதினோரு வசந்தம் இப்படியே ஓடிவிட்டது.

அந்த வருடம் கீழே ஊற்று வற்றிப்போனது. ஹாசிந்தோ பட்டியை மேலே, ஓடையோரத்து மரங்களுக்கு நடுவே மாற்றினான். அடுத்த வாரம் ஒரு காலையில் மயிர் வெட்டும் ஆட்கள் ஆறு பேர் வந்து இறங்கி வேலையைத் தொடங்கிவிட்டார்கள். மதியத்துக்குள் இருநூறு ஆடுகள் வெள்ளை வெளேரென்று நின்றன. எல்லாம் நிறைசினை.

இதமான வெயில். வண்டிக்குள் பெனித்தாவுக்குக் கண் செருகியது. தூக்கத்திலேயே கை குமிழைத் திருகிவிட்டது போலும். பீன்ஸ் இன்னும் கொதிக்கவே இல்லை.

"ஐயாயிரம் அடிக்கு மேல் பிற்பகலில் குளிர்மழை, மாலைக்குள் பனி. ஆடு வைத்திருப்போர் கவனம். பாலை மேட்டில் வறண்ட காற்று, புழுதி."

பாவம் மலைக்காரர்கள், என்று அரைத்தூக்கத்தில் நினைத்தாள். அந்த நினைப்பிலேயே ஒரு வெள்ளைக் கல் மிதந்து வந்தது. நில அளவைக்காரர்கள் ஐயாயிரம் என்று செதுக்கி நட்ட கல். பழைய பட்டியிலிருந்து அண்ணாந்துதான் அதைப் பார்க்க வேண்டும். கனவில் அவள் வண்டியின் பின்பக்கம் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கல் கீழே, கீழே போகிறது. ஆட்டுக்குட்டி அளவாகிறது. பல் அளவாகிறது.

கண்ணைத் திறந்தாள். அது கனவில்லை, போன வாரம் பட்டி மாறியபோது நிஜமாகவே பார்த்தது.

வெளியே ஓடினாள். "நிறுத்துங்க! கத்தரிய வைங்க!"

"என்ன அண்ணி, கனவா?" ஹாசிந்தோ சிரித்தான். "வானத்தைப் பாரு, ஒரு பொட்டு மேகம் இல்ல."

"மலையில பனியாம்."

"மலைக்குத்தானே?"

"நாம எங்கடா நிக்கிறோம்? கல்லு எங்க இருக்கு?"

ஹாசிந்தோ சரிவைக் குனிந்து பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

வெட்டுக்காரர்களின் தலைவன் எலாடியோ சட்டையில்லாமல் நெற்றியைத் துடைத்தான். "வேர்த்து ஊத்துது, பனியாம்! இதோ பாருங்கம்மா, இன்னிக்கு நிறுத்தினா நாளைக்கு அடுத்த பண்ணைக்குப் போயிடுவோம். மீதி ஐநூறையும் நீங்களே வெட்டிக்கணும்."

பெனித்தா கோட்டு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். "போறதுன்னா போங்க. வெட்டினதை நான் கீழ இறக்குறேன். ஹாசிந்தோ, மயிர் இருக்கறது எல்லாம் உன் பொறுப்பு."

கறுப்பு நாய் பெல்ட்ஸ் முன்னால் ஓட, இருநூறு வெற்றுடம்புகளும் சரிவில் இறங்கின. பாதி வழியில் வெயில் மங்கியது. முதுகில் மழை ஊசி ஊசியாகக் குத்தியது. பிறகு சத்தமே இல்லாமல் வெள்ளை விழத் தொடங்கியது. கல்லுக்கு இருபது அடி இருக்கையில் ஒரு சினையாடு முழங்கால் மடித்து உட்கார்ந்துவிட்டது. பெனித்தா தன் கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டுக் கட்டி, "நடடி ராசாத்தி, இன்னும் பத்து எட்டுதான்" என்று கெஞ்சிக் கெஞ்சி, தள்ளித் தள்ளி இறக்கினாள்.

கல்லருகே நின்று திரும்பிப் பார்த்தாள். மேலே உலகம் பஞ்சாய்ப் பெய்துகொண்டிருந்தது. கால்விரலுக்கு முன்னால் காய்ந்த புழுதி எழுந்து மெல்லச் சுழன்றது. நடுவில் கோடு. அதைத் தாண்டிய ஆடுகள் உடம்பை உதறிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் புல்லைக் கடித்தன.

விடிந்ததும் தொப்பியெல்லாம் பனியாக ஆறு பேரும் இறங்கி வந்தார்கள். பின்னால் ஐநூறு ஆடுகளுடன் ஹாசிந்தோ.

எலாடியோ கத்தரியைத் தீட்டிக்கொண்டே கேட்டான்: "ஏம்மா, உங்க வானொலி எத்தனை மணிக்குப் பேசும்?"

"பீன்ஸ் கொதிக்கறதுக்கு முன்னாடி," என்றாள் பெனித்தா.

தணலில் புதைத்துச் சுட்ட ரொட்டியை எடுத்து, அடியில் கத்தியால் சிலுவை கீறினாள். பாஸ்க் மேய்ப்பர் வழக்கப்படி முதல் துண்டு பெல்ட்ஸுக்குப் போயிற்று.

உங்கள் வீட்டுக்கும் குளிர் வரும் சேதி குளிருக்கு முன்னால் வரட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டில் எல்லாருடைய முதுகிலும் கம்பளி இருக்கட்டும்; ரொட்டி நாய்க்கும் எட்டும்படி பெரிதாக இருக்கட்டும்.