பாய் இல்லாத படகு

தச்சர் மறுபடியும் சத்தமே வராதபோது பட்டனை அழுத்தினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த அவள் எந்த ஒலியையும் அனுப்பியிருக்கவில்லை. காது சோதிக்கும் அந்தச் சின்ன அறையின் சுவர்களில் சாம்பல் நிறப் பஞ்சு பதித்திருந்தது. உள்ளே உட்காருகிறவர்களுக்குத் தாங்கள் எச்சில் விழுங்குவதுகூடப் பெரிதாகக் கேட்கும். ரம்பத்தோடும் இழைப்புளியோடும் பாதி ஆயுளைக் கழித்த அந்த மனிதர், பட்டனை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர் போல நெற்றியைச் சுருக்கியிருந்தார். பயந்தவர்கள் இப்படித்தான், இல்லாத ஒலிக்கு அழுத்திவிடுவார்கள். மற்ற நாட்களில் அவள் மனதுக்குள் சிரித்துக்கொள்வாள். இன்று முடியவில்லை. மேசை இழுப்பறைக்குள் போன் அதிர்வதுபோல் அவளுக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. திறந்து பார்த்தால் ஒன்றும் வந்திருக்காது.

அவள் காத்திருந்தது ஈரக்காகத்திடமிருந்து ஏதாவது ஒரு வரி வருமா என்று. ஈரக்காகம் ஆணா பெண்ணா என்று அவளுக்குத் தெரியாது. ஆளுக்கொரு படகோடு ஒரு கற்பனைக் கடலில் திரியும் விளையாட்டில், புயலுக்கு ஒதுங்கிய தீவொன்றில் அறிமுகம். அங்கே அவளுடைய பெயர் அரைத்தூக்கம். அன்றிலிருந்து வேலை முடிந்த சாயங்காலங்களில் இருவரும் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, எங்கும் போகாமல், எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள். ஈரக்காகத்தின் வீட்டுக் கூரை ஒழுகுவது பற்றி, அவளுடைய மேலாளர் தும்முவதற்கு முன்னால் முகத்தை வைத்துக்கொள்ளும் விதம் பற்றி. வீட்டில் சொல்லாத சில விஷயங்களையும் அவள் அங்கே சொல்லியிருந்தாள். முகம் இல்லாத ஒருவரிடம் சொல்வது கடலிடமே சொல்வது போலத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கடல் திருப்பி நலம் விசாரித்தது.

அந்த விளையாட்டில் பாய், துடுப்பு, விளக்கு என்று கிடைப்பவற்றை, அங்கே பணமாகப் புழங்கும் சிப்பிகளுக்கு விற்கவும் வாங்கவும் ஒரு குழு உண்டு. அதில் விலை விசாரிப்பதற்கென்றே தனி உரையாடல் அறை. அந்த அறைக்கென்று சில மரியாதைகள் இருந்தன. கேட்காதவரிடம் விலை சொல்லக் கூடாது. ஒற்றை எண்ணாக வெட்டிச் சொல்லாமல், இதிலிருந்து இதுவரை போகலாம் என்று சொல்ல வேண்டும். எப்போது பார்த்த விலை என்பதையும் சேர்க்க வேண்டும். அடுத்தவர் ஆசையாகக் காட்டும் பொருளை மட்டம் தட்டக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, விலை சொன்னவர் அந்தப் பொருளை வாங்கக் கூடாது. அவர் வீட்டாரும் வாங்கக் கூடாது.

வீட்டார் என்ற அந்தச் சேர்க்கைக்குக் காரணமே அவள்தான். உப்புமூட்டை என்ற ஒருவர் யாருடைய துடுப்புக்கோ குறைத்து விலை சொல்ல, அவர் மனைவி அதை வாங்கிவிட்டார். மனைவி எனக்குத் தெரியாமல் வாங்கிவிட்டாள் என்று அவர் எழுதினார். எல்லோர் முன்னாலும் அவள்தான் கேட்டாள், ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கு இது எப்படித் தெரியாமல் போகும் என்று. மரியாதையான வார்த்தைகளில்தான் கேட்டாள். உப்புமூட்டை அதன் பிறகு அந்த அறைப்பக்கமே வரவில்லை.

இன்று காலை, ஒரு நோயாளி வெளியே போய் அடுத்தவர் உள்ளே வருவதற்கு நடுவில், ஈரக்காகம் தன் நிலாப்பாயின் படத்தை அந்த அறையில் போட்டிருந்ததைப் பார்த்தாள். கறுப்புத் துணியில் வெள்ளி நூலால் நிலா தைத்த பாய். புதுப் படகுக்கு மரம் வாங்கச் சிப்பி தேவைப்படுகிறது, என்ன விலை சொல்லலாம் என்று கேட்டிருந்தது. அவள் போன வாரம் பார்த்த ஞாபகத்தில் 'தொண்ணூறு' என்று எழுதிவிட்டுப் போனை இழுப்பறைக்குள் தள்ளினாள். இதிலிருந்து இதுவரை என்று எழுதவில்லை. போன வாரத்து விலை என்றும் எழுதவில்லை. நிலாப்பாய் இனிமேல் விளையாட்டில் கிடைக்காது என்று முந்தின நாள் அறிவிப்பு வந்திருந்ததும், விலை நானூறைத் தொட்டிருந்ததும் அவளுக்குத் தெரியாது.

மத்தியானம் திறந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. 'அரைத்தூக்கம் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று எழுதிவிட்டு, ஈரக்காகம் முதலில் வந்த சிங்கப்பல் என்பவருக்கே பாயைக் கொடுத்திருந்தது. கீழே மற்றவர்கள் கூடிவிட்டிருந்தார்கள். யாரோ நல்லா லாபம் அடிச்சிருக்காங்க என்று ஒருவர். யாருப்பா அந்தச் சிங்கப்பல் என்று இன்னொருவர். நானூறு போகிற பொருள் என்று ஒருவர் விளக்கிச் சொன்ன பிறகு, ஈரக்காகம் 'பரவாயில்ல' என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு புள்ளி வைத்திருந்தது. ஈரக்காகம் ஒருபோதும் புள்ளி வைக்காது.

சிங்கப்பல் அவளுடைய தம்பி.

படிக்கட்டுக்கு அடியில், தண்ணீர்க் கேன்கள் அடுக்கிய மூலையில் நின்று அவனைப் போனில் கூப்பிட்டாள். அவன் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். இன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தான்.

"சொல்லுங்க டாக்டரம்மா" என்றான். அவள் டாக்டர் இல்லை என்பது அவனுக்கு அலுக்காத நகைச்சுவை.

"அந்தப் பாயைப் படகுல ஏத்திட்டியா?"

"இன்னும் இல்ல. சாயங்காலம் பசங்க எல்லாரும் வருவாங்க. அவங்க கண்ணு முன்னாடி ஏத்தணும். வயிறு எரிஞ்சு சாகட்டும்."

ஒருமுறை ஏற்றிய பாயை அந்த விளையாட்டில் இறக்க முடியாது. அது அந்தப் படகோடு ஒட்டிப்போய்விடும். ஏற்றாதே, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள்.  அவனுக்குப் பின்னால் மின்விசிறி கடகடப்பது கேட்டது.

"நான் என்ன திருடிட்டா வந்தேன்? நீ சொன்ன விலையைக் குடுத்துத்தான வாங்கினேன்."

"அதான்டா பிரச்சனையே."

"நாம அக்கா தம்பின்னு அங்க எவனுக்குத் தெரியும்? நீ வாயைத் திறக்கலைன்னா ஒண்ணுமே இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "உண்மையைச் சொன்னா, உனக்குத் தேங்க்ஸ் சொல்லணும்னு இருந்தேன்க்கா. என்கிட்ட நூறு சிப்பிதான் இருக்குன்னு காலையில சொன்னேன்ல. அதை மனசுல வச்சுத்தான சொன்ன?"

அவள் போனை வைத்தாள்.

காலையில் பல் துலக்கிக்கொண்டே அவன் நிலாப்பாயைப் பற்றிப் புலம்பியது உண்மை. கையில் நூறுதான் இருக்கிறது என்றதும் உண்மை. அவள் காதில் விழுந்ததா? விழுந்திருக்கும். குளியலறைக் கதவுக்கு வெளியே துண்டோடு நின்று, சீக்கிரம் வாடா என்று கத்திக்கொண்டிருந்தவள் அவள்தான். ஆனால் 'தொண்ணூறு' என்று எழுதும்போது அவள் போன வாரத்தை நினைத்தாளா, தம்பியை நினைத்தாளா? எவ்வளவு துருவியும் அந்த நொடி பிடிபடவில்லை. விரல் எழுதியது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. உப்புமூட்டையும் இப்படி எங்காவது ஒரு மூலையில் நின்று தன்னையே துருவிக்கொண்டிருந்திருப்பாரோ என்று தோன்றியதும், கேன்களின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் தச்சர் வந்தார். இல்லாத ஒலிக்கெல்லாம் அவர் அழுத்தியதால் சோதனையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கதவைத் திறந்து, சத்தம் கேட்டால் மட்டும் அழுத்தினால் போதும், கேட்காவிட்டால் தப்பில்லை என்று அவரிடம் நிதானமாகச் சொன்னாள். அவர் ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கி, வெட்கத்தோடு சிரித்தார்.

"ரொம்ப நேரம் ஒண்ணும் வரலன்னா பயமா இருக்கும்மா. நான்தான் விட்டுட்டேனோன்னு. அதான் அழுத்திடறேன்."

அவர் போன பிறகு அவள் அந்த அறைக்குள் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. போனை எடுத்து எழுதினாள், அழித்தாள். முதலில் எழுதியதில் அறிவிப்பைப் பார்க்காதது, வேலை நெருக்கடி எல்லாம் இருந்தது. அடுத்ததில் தம்பி தனக்குத் தெரியாமல் வாங்கிவிட்டான் என்று இருந்தது. படித்துப் பார்த்தபோது அது உப்புமூட்டை எழுதிய வரியேதான். அதையும் அழித்தாள். கடைசியில், சிங்கப்பல் என் தம்பி, ஒரே வீட்டில் இருக்கிறோம், விலையை நான் தப்பாகச் சொன்னேன், பாய் இன்னும் ஏறவில்லை என்று மட்டும் எழுதினாள். தனியாக ஈரக்காகத்துக்கு அனுப்பலாம். யாருக்கும் தெரியாது. பஞ்சுச் சுவர்களுக்கு நடுவே அவளுடைய இதயம் காதுக்குள்ளேயே அடித்தது. எல்லோரும் பார்க்கும் விலை அறையில், ஈரக்காகத்தின் படத்துக்குக் கீழே அதைப் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் வந்த பேருந்தில் ஏறிவிட்டாள்.

வழியெல்லாம் போன் அதிர்ந்தது. இப்போது நிஜமாகவே அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண்கூட, உங்கள் போன்தான் போல என்று அவள் பையைக் கண்ணால் காட்டினாள். தெரியும் என்று அவள் தலையசைத்தாள்.

வீட்டில் தம்பி கணினிக்கு முன்னால் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தான். திரையில் அவன் படகு துறையில் கட்டியிருந்தது. அடிப்பலகையில் நிலாப்பாய் சுருட்டியபடியே கிடந்தது. கூட்டாளிகளின் படகுகள் சுற்றிலும் நின்றன.  அவன் திரும்பாமலே சொன்னான்.

"எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்ட. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

 அவன் விரல் மவுஸின் மேல் இருந்தது. 'ஏற்று' என்ற பொத்தான் திரையின் ஓரத்தில் மெல்ல ஒளிர்ந்தபடி இருந்தது. ஈரக்காகம் ஏதாவது எழுதியதா என்று அவள் கேட்டாள். இல்லை, மற்ற எல்லோரும் எழுதினார்கள் என்றான். என்ன எழுதினார்கள் என்று அவள் கேட்கவில்லை. தோள்பையைக் கழற்றாமல் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"அக்கா" என்றான் அவன், வேறு குரலில். "அங்க பாரு."

விரிகுடாவின் மறுகோடியில் ஒரு விளக்கு தெரிந்தது. பச்சை விளக்கு, ஈரக்காகத்தினுடையது. பாய் இல்லாத படகு அந்த விளையாட்டில் துடுப்பால் மட்டும்தான் நகரும். அலை தூக்கினால் முன்னால் வந்ததில் பாதி பின்னால் போய்விடும். நடுவில் எங்கும் ஒதுங்காமல் நேராக இந்தத் துறையைப் பார்த்துத்தான் அது வந்துகொண்டிருந்தது. வந்து என்ன சொல்லும் என்று தெரியவில்லை. தம்பி விரலை எடுக்கவுமில்லை, அழுத்தவுமில்லை. பச்சை விளக்கு ஒரு அலைக்குப் பின்னால் மறைந்தது. இரண்டு பேரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். பிறகு கொஞ்சம் கிட்டத்தில், கறுப்புத் தண்ணீருக்கு மேலே, இரண்டு துடுப்புகள் மெதுவாக எழுந்தன.