அமைதி நேரப் பணி

அருங்காட்சியகத்தின் வாயில் திறப்பதற்கு முன்பே அந்தக் காவலர் தம் பணியைத் தொடங்கியிருந்தார். கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் காகிதத் துண்டுகளை அடுக்கினார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்து குலுங்காதபடி அதைத் துணியால் சுற்றிக் கட்டினார். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறைகளை மாட்டினார். கடைசியாகப் பெரிய மண்டபத்துக்கு வந்து, சுவரிலிருந்த மின்விசையை அணைத்தார். மண்டபத்தின் வெள்ளை விளக்குகளுக்கும், நடுவே நின்ற ஆதிகால யானை உருவத்தின் பிளிறல் ஒலிக்கும் அந்த ஒரே விசைதான். ஓரத்து மஞ்சள் விளக்குகள் மட்டும் மிஞ்ச, நாள் முழுவதும் பிளிறும் யானை வாயடைத்து நின்றது.

திங்கட்கிழமை முன்பெல்லாம் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. கூச்சலையும் கூட்டத்தையும் கண் கூசும் ஒளியையும் தாங்க இயலாத ஆட்டிசம் உடையோர் தம் குடும்பத்தாருடன் வந்து நிதானமாகப் பார்க்கட்டும் என்று, சில மாதங்களாக அன்று காலையில் அமைதி நேரம் நடத்திவந்தார்கள். காவலர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்கள். வந்தவர் எவரேனும் கலங்கினால் அவரைத் தொடக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது, ஓரடி விலகி அசையாமல் நிற்க வேண்டும்.

காவலரின் மகளும் ஆட்டிசம் உடையவள்; பத்தொன்பது வயது. வீட்டில் இன்னமும் பாப்பாதான். மற்ற நாள்களில் அவள் ஒரு பகல்நேரக் காப்பகத்துக்குப் போவாள். காப்பகத்துக்கும் காவலருக்கும் விடுமுறையான திங்கட்கிழமை தாயும் மகளும் வீட்டிலிருப்பார்கள். அமைதி நேரம் வந்த பிறகு அந்த ஏற்பாடு குலைந்தது. சில வாரங்கள் கீழ்வீட்டு அம்மாள் பார்த்துக்கொண்டார். பாப்பா மிக்சியின் சத்தத்துக்கு மிரண்டு அவர்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடியை உடைத்ததும், தமக்கும் வயதாகிவிட்டது என்று அவர் பக்குவமாகக் கைவிரித்துவிட்டார்.

திங்கட்கிழமைக்குப் பதில் வேறொரு நாள் கூடுதலாக உழைப்பதாகக் காவலர் கேட்டுப் பார்த்தார். திங்கட்கிழமை வர இயலாதவர் எந்தக் கிழமையும் வர வேண்டாம் என்று, ஆள் அனுப்பும் நிறுவனம் மேற்பார்வையாளர் மூலம் பதில் சொல்லிவிட்டது. பக்கத்து மண்டபத்தில் நிற்கும், எல்லாரும் ஒட்டடைக்குச்சி என்று அழைக்கும் நெட்டைக் காவலர்தான் ஒரு வழி சொன்னார்.

"பேசாம இங்கயே கூட்டிட்டு வந்துடுக்கா. இவ்வளவு பெரிய யானைக்கே இடம் கொடுத்திருக்காங்க, நம்ம பாப்பாவுக்கா இருக்காது?"

மேற்பார்வையாளர் முதலில் தலையாட்டவில்லை. பணி நேரத்தில் காவலர்கள் தம் குடும்பத்தாரை உள்ளே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நிபந்தனை. இரண்டு நாள் கழித்து, அவராகவே படிக்கட்டருகே நிறுத்திச் சொன்னார்.

"வேற யாராச்சும் துணைக்குக் கூட்டிட்டு வரட்டும், எல்லாரையும் போல. ஆனா அது உங்க பொண்ணுன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாதும்மா. தெரிஞ்சா உங்களோட சேர்த்து என் சீட்டும் கிழிஞ்சிடும்."

தையற்கூடத்தில் வேலை பார்க்கும் தங்கை, வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு துணைக்கு வருவதாக ஒப்புக்கொண்டாள். அன்று முதல் காவலர் ஒவ்வொரு மாலையும் சீருடையைக் கழற்றாமலே மகளின் எதிரில் உட்கார்ந்தார்.

"நீலச் சட்டை போட்டிருந்தா நான் யாரு?"

"காவலர்."

"அம்மான்னு கூப்பிடலாமா?"

"கூப்பிடக் கூடாது."

பிறகு உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு வருவார். அப்போது பாப்பா அவரை அம்மா என்று அழைத்துக் கன்னத்தைத் தொடுவாள். விதி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அவளுக்கு அது பிடித்துப்போகும். செருப்பை எந்த வரிசையில் விட வேண்டும் என்று சிறு வயதில் சொன்னதை இன்றுவரை அவள் மாற்றியதில்லை. இதைப் பார்த்துத் தங்கைக்குச் சிரிப்பு வந்தது.

"எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கா. எங்க முதலாளியைப் பார்த்தா யாருன்னே தெரியாத மாதிரி போயிடறேன்."

அந்தத் திங்கட்கிழமை, வந்தவர்களுள் கடைசியாகச் சித்தியின் விரலைப் பிடித்தபடி பாப்பா மண்டபத்துக்குள் நுழைந்தாள். நீலச் சட்டையைப் பார்த்தாள். "காவலர்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கடந்து போனாள். யானையின் முன்னங்காலைத் தொட்டுப் பார்க்க அமைதி நேரத்தில் அனுமதி உண்டு. பாப்பா அந்தச் சடை முடிக்குள் உள்ளங்கையைப் புதைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்தது சுவரோரம் நின்ற தாய்க்குக் கேட்டது. காப்பகத்திலிருந்து வந்த எந்த மாலையிலும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அடுத்த திங்கட்கிழமைக்கும் இனி வழி உண்டு என்று அவருக்குத் தோன்றியது.

அப்போது அருங்காட்சியகத்தின் அதிகாரி அம்மையார் ஒரு புகைப்படக்காரருடன் உள்ளே வந்தார். மேற்பார்வையாளர் பின்னால் வந்தார். இந்த நல்ல முயற்சிக்கு நன்கொடை வழங்குவோருக்குப் படங்கள் அனுப்ப வேண்டும் என்று அம்மையார் தணிந்த குரலில் விளக்கினார். புகைப்படக்காரர் இரண்டு முறை முயன்றுவிட்டு, முகங்கள் இருட்டாக விழுகின்றன என்றார். அம்மையார் காவலரைப் பார்த்து, வெள்ளை விளக்குகளைப் போடச் சொன்னார்.

"மேடம், யானைச் சத்தத்துக்கும் அதே சுவிட்ச்தான். பசங்க பயந்துடுவாங்க."

"ஒரே நிமிஷம்தானே. எடுத்த உடனே அணைச்சிடுங்க."

காவலர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். காவலர் தங்கையிடம் வாசலை நோக்கிக் கண்ணால் சாடை காட்டினார். தங்கை புரிந்துகொண்டு பாப்பாவின் கையைப் பற்றி இழுத்தாள். பாப்பா யானையின் காலை விடவில்லை. அம்மையார் இன்னொரு முறை காவலரின் பக்கம் திரும்பினார். காவலர் விசையை அழுத்தினார்.

வெளிச்சம் கொட்டியது. யானை பிளிறியது. ஒரு தந்தை தம் மகனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். இளைஞன் ஒருவன் தரையில் சுருண்டு படுத்தான். பாப்பா சித்தியின் கையை உதறிவிட்டு, மண்டபத்தைக் குறுக்கே கடந்து, நேராக நீலச் சட்டையின் முன்னால் வந்து நின்றாள். அவளுடைய உடல் முழுவதும் நடுங்கியது.

"மேடம், அணைச்சிடட்டுமா?" என்று காவலர் கேட்டார். விரல் விசையின்மேல் இருந்தது.

புகைப்படக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, இன்னும் ஒன்று என்று விரலை உயர்த்தினார். அம்மையார் நடுங்கும் பெண்ணையும், அவளைத் தொடாமல் நிற்கும் காவலரையும் கவனித்தார்.

"சரியா செய்யறீங்க. தொடாதீங்க, பேசாதீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அவங்களே சரியாயிடுவாங்க."

மேற்பார்வையாளர் காவலரையே பார்த்துக்கொண்டிருந்தார். காவலர் ஓரடி பின்னால் நகர்ந்தார். சுவர் முதுகில் இடித்தது.

வீட்டில் மிக்சி ஓடினாலே காதுகளைப் பொத்திக்கொண்டு, அம்மா அம்மா என்று கூவுகிறவள் பாப்பா. யானை மறுபடியும் பிளிறியது. அவளுடைய காதுகள் திறந்தே இருந்தன. இரண்டு கைகளாலும் அவள் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள்.