ரசமட்டத்துக்கு இறங்காத ஆமை

டைல்ஸ் மேஸ்திரியின் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், ஆமை தரையை விட்டு நாலு விரற்கடை மேலே எழும்பி அப்படியே நின்றது. மேஸ்திரியின் மனைவி துணிகளைக் காயப்போட்டுவிட்டு வந்துதான் நிதானமாகப் பார்த்தாள். ஆமை மகளுடையது. அப்பாவோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆனவள், வேறு ஊரில் வேலை கிடைத்ததும், "ஆறு மாசத்துல வந்து எடுத்துக்கறேம்மா" என்று அம்மாவிடம் விட்டுப் போயிருந்தாள். ஆமைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் இனி இந்த வாசலை மிதிக்கமாட்டாள் என்பது மேஸ்திரிக்குத் தெரியும்.

வெறும் டைல்ஸில் கால் வழுக்குகிறது, அதுதான் கோபித்துக்கொண்டிருக்கிறது என்று அவராகவே முடிவு செய்தார். மரப்பெட்டி செய்து செய்தித்தாள் விரித்தார், அதுவும் சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டு. ஆமை ஒரு சாண் ஏறியது. மணலைச் சலித்துக் கொட்டி, ரசமட்டம் வைத்துக் குமிழி நடுவில் நிற்கும்வரை இழுத்துவிட்டார். இன்னொரு சாண். மரத்தூளைக் கொட்டிக் கட்டையால் அடித்து இறுக்கினார். ஊரெல்லாம் அவர் போட்ட தரையில் கோலிக்குண்டு உருளாது என்று பெயர். அந்தப் பெயரை ஓர் ஆமைக்காக விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நாலாம் மாதம் ஆமை மின்விசிறிக்குப் பக்கத்தில் போய்விட்டது. விசிறியைப் போடாமல் இருவரும் வியர்த்து வழிந்தார்கள். மனைவி முக்காலியில் ஏறிக் கீரை ஊட்டினாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "உங்க பொண்ணும் இந்த வீட்ல தரையில கால் வெச்சதில்லைங்க. தரைக்கு ஒரு நூல் அளவு மேலதான் நடப்பா. உள்ளங்கால்ல அழுக்கே இருக்காது. நீங்கதான் பார்க்கல."

படிப்பு, வேலை, தலை வகிடு எடுக்கும் பக்கம் வரை மகளுக்கு அவர்தான் மட்டம் பார்த்தவர். அன்று முழுக்க ஒரு வாய் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அவரே மகளுக்குப் போன் போட்டார்.

"ஆமைக்கு மண்ணு எப்படிம்மா இருக்கணும்?"

"உரம் போடாத மண்ணு ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. கொஞ்சம் ஈரம். அது புதைஞ்சுக்கற ஆழம் வேணும்," என்றாள். பிறகு, "மேடுபள்ளமாவே விட்டுடுங்கப்பா."

கூடத்தின் மூலையில் தன் கையால் பதித்த ஒன்பது டைல்ஸை மேஸ்திரி தன் கையாலேயே பெயர்த்தார். மண்ணைக் கொட்டினார். மட்டம் பார்க்கக் கை அரித்தது, ரசமட்டத்தை மனைவியிடம் கொடுத்து பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார். ஆமை நாலு நாள் எடுத்துக்கொண்டு, அவசரப்படாமல் இறங்கி, பாதி உடம்பு தெரியப் புதைந்து தூங்கியது.

ஆறாம் மாதம் மகள் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மூலைக்குப் போய் மண்ணில் நின்றாள், கால் பதிந்தது. ஆமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே விட்டாள். "இங்கயே இருக்கட்டும்ப்பா. நான் வந்து வந்து பாத்துக்கறேன்," என்று சொல்லிச் சமையலறைக்குப் போனாள். வெள்ளை டைல்ஸ் நெடுக அவள் பாதங்கள் மண்ணாய் விழுந்துகிடந்தன. துடைக்க வந்த மனைவியின் கையிலிருந்து துணியை மேஸ்திரி வாங்கி வைத்துக்கொண்டார்.