இடது கை வெட்டு

ரோசரிக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டாமல் நின்ற பாக்கி எழுபத்தெட்டு ரூபாய் ஐம்பது காசு. இரண்டு பருவத்து ஃபீஸ், ஒரு டை, ஒரு பெல்ட், நோட்டு. அதில் முப்பது ரூபாயாவது கழியட்டும் என்றுதான் ரோசரியின் அம்மா பாக்கியமேரி மூன்று வாரமாக மத்தியானச் சோற்றை அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள்.

மன்னார்புரத்தில் ஒரு சந்துக்குள் இருந்த நர்சரி அது. டோரதி டீச்சர் தன் சொந்த வீட்டின் முன்பக்கத்தைப் பள்ளிக்கூடமாக்கியிருந்தார். பின்பக்கம் தகரக் கொட்டகை. பாக்கியமேரியும் வெள்ளையம்மாளும் அங்கே ஆயாக்கள். எடமலைப்பட்டி புதூரிலிருந்து மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பாக்கியமேரி நடந்தே வந்துவிடுவாள். பஸ் காசு மிச்சம். சம்பளம் மாதம் எண்பது ரூபாய். புருஷன் சகாயநாதனுக்குக் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற வேலை. லாரி வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. ஆனாலும் ரோசரி யு.கே.ஜி. படித்தாள். ஜனவரிக்குள் பாக்கியைக் கட்டிவிட்டால் ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கும் இங்கேயே இடம் உண்டு என்று டீச்சர் சொல்லியிருந்தார். பாக்கியமேரி மாதாவிடம் வேண்டிக்கொண்டதெல்லாம் அந்த ஒன்றைத்தான்.

ஒன்றரை மணிக்குக் குழந்தைகளைப் பாயில் வரிசையாகப் படுக்க வைப்பார்கள். நாற்பது பிள்ளைகளும் வாய் பிளந்து தூங்குகிற ஒரு மணி நேரத்தில் வெட்டு வேலை நடக்கும். டீச்சரின் தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய படப் புத்தகத்தைப் பார்த்துச் சார்ட்டில் ஆறு உருவங்களைக் கோட்டால் வரைந்திருந்தார்கள். நட்சத்திரம், மணி, மெழுகுவத்தி, மரம், காலுறை, கிறிஸ்மஸ் தாத்தா. அதே ஆறு உருவங்களைக் கலர் தாளில் வெட்டி, எது எதற்குப் பொருந்துமோ அங்கே மைதாப் பசையால் ஒட்ட வேண்டும். பிள்ளைகளே வெட்டி ஒட்டியதாகப் பேர் எழுதிப் பெற்றோர் தினத்தன்று சுவரில் மாட்டுவார்கள். பிள்ளைகளிடம் கொடுத்த முனை மழுங்கிய கத்தரியில் தாள் மடங்கியதே தவிர வெட்டுப்படவில்லை. அதனால் வேலை ஆயாவிடம் வந்தது. ஒரு பிள்ளைக்கு முக்கால் ரூபாய் கணக்கு. அதைக் கையில் தரமாட்டார்கள், பாக்கியில் கழிப்பார்கள்.

முதல் நாளே டீச்சர் ஒரு நட்சத்திரத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன பாக்கியம் இது?"

"நட்சத்திரம் டீச்சர்."

"அது எனக்கும் தெரியுது. நூல் புடிச்ச மாதிரி வெட்டி வச்சிருக்கியே, நாலு வயசுப் புள்ள வெட்டுனதுன்னு யாரு நம்புவா? கோணலா வெட்டு."

பாக்கியமேரி முயன்று பார்த்தாள். வரவில்லை. பத்து வயதிலிருந்து கல்யாணம் ஆகிற வரைக்கும் உறையூரில் தகர அச்சை வைத்துப் பீடி இலை வெட்டிய கை அது. கோடு தப்பினால் ஏஜெண்டு இலையை மூஞ்சியில் விட்டெறிவான்.

"கோணலா வரமாட்டேங்குது டீச்சர்."

"அப்ப இடது கையால வெட்டு."

இடது கையால் வெட்டினாள். நட்சத்திரத்தின் முனைகள் பிய்ந்தன, மணியின் வாய் கோணிக்கொண்டது. டீச்சருக்குத் திருப்தி. கத்தரியின் வளையம் கட்டைவிரலின் அடியில் அழுத்தி அழுத்தி மூன்றாம் நாள் கொப்புளம் போட்டது. ஐந்தாம் நாள் அது உடைந்தது. பழைய துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினாள்.

பசை தடவிக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் சிரித்தாள். "இடது கை வேலைக்கும் கணக்கு வைக்கிற எடம் திருச்சியிலயே இது ஒண்ணுதான்டி. ஆமா, இந்தத் தாத்தாவுக்கு என்ன இவ்ளோ தொந்தி? வெங்காய மண்டிக்காரராட்டம்ல இருக்காரு."

"மெதுவாக்கா. புள்ளைங்க எந்திரிச்சிடும்."

ரோசரி மட்டும் தூங்கமாட்டாள். ஒதுக்கித் தள்ளிய தாள் துண்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு, பிள்ளைகளின் மழுங்கல் கத்தரியால் தானும் வெட்டுவாள்.

"கத்தரிய ஆட்டாத. தாளைத் திருப்பு," என்றாள் பாக்கியமேரி ஒருநாள், தலை நிமிராமல். "கத்தரி நின்ன எடத்துலயே நிக்கணும். தாள்தான் சுத்தி வரணும்."

அப்புறம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் வாரம் ரோசரி வெட்டிய நட்சத்திரத்தை வெள்ளையம்மாள் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். "ஆத்தி, உன் வலது கைய அப்படியே இவளுக்குக் குடுத்துட்டியாடி!"

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை பெற்றோர் தினம். கொட்டகை நிறைய நாற்காலி. சுவர் நிறைய சார்ட்டுகள். ஒவ்வொன்றிலும் ஐந்து உருவங்கள் ஒட்டியிருந்தன, நட்சத்திரத்தின் இடம் மட்டும் காலி. அதைப் பிள்ளைகள் பெற்றோர் கண் முன்னால் வெட்டிப் பொருத்த வேண்டும் என்பது டீச்சரின் ஏற்பாடு. ஐந்து நிமிஷம் கழித்து ஆயாக்கள் தாளைச் சேகரித்துக்கொண்டு உள்ளே போய், தயாராக வெட்டிவைத்த நட்சத்திரங்களை எடுத்துவந்து கொடுப்பார்கள். யாருக்கும் தெரியாது. நன்றாக வெட்டிய பிள்ளைக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பரிசு கொடுக்க அழகர்சாமி வந்திருந்தார். லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், கொட்டகைக்குத் தகரம் வாங்கிக் கொடுத்தவர், எல்.கே.ஜி.யில் அவர் மகன்.

மணி அடித்ததும் பிள்ளைகள் தாளைப் பிடித்துக் கசக்கினார்கள். ஒருவன் தாளை வாயில் வைத்தான். ஆயாக்கள் சேகரிக்கக் கிளம்பும் முன்பே ரோசரி வெட்டி முடித்து, எழுந்து போய்த் தன் சார்ட்டில் ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். மற்ற சார்ட்டுகளில் ஆயாக்கள் உள்ளேயிருந்து எடுத்துவந்த நட்சத்திரங்கள் ஏறின.

ஒவ்வொரு சார்ட்டாகப் பார்த்துக்கொண்டு வந்த அழகர்சாமி அங்கே நின்றார்.

"இது யாரு புள்ளம்மா?"

"நம்ம ஆயா மக," என்றார் டீச்சர்.

"அதான பாத்தேன். ஆயாவே வெட்டிக் குடுத்திருக்கு." நாற்காலிகளைப் பார்த்துத் திரும்பினார். "மத்ததெல்லாம் பாருங்க. கோணலும் மாணலுமா இருந்தாலும் புள்ளைங்க கைபட்டது. அதுல ஒரு உண்மை இருக்கு. இதுல என்ன இருக்கு?"

ஒரு சிலர் கை தட்டினார்கள். ரோசரி எழுந்து நின்றாள்.

"அது நாந்தான் வெட்டுனேன். மத்ததெல்லாந்தான் எங்கம்மா வெட்டுனது. இடது கையால."

ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி எழுந்து போய், சுவரில் மகன் பேர் எழுதிய சார்ட்டை மூக்கு படுகிற மாதிரி உற்றுப் பார்த்தாள். டீச்சரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"பாக்கியம், புள்ள என்னமோ சொல்லுது பாரு. நீயே சொல்லிடு."

எல்லாத் தலையும் திரும்பியது. பாக்கியமேரி துணி சுற்றிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஜூன் மாதம் வரும். ஒன்றாம் வகுப்பு வரும். டீச்சர் மனசு வைத்தால்தான் எல்லாம்.

"நாந்தாங்க வெட்டிக் குடுத்தேன். தெரியாம செஞ்சிட்டேன். மன்னிச்சிடுங்க. புள்ள பொய் சொல்லுது."

ரோசரி அழவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். டிபன் பாக்ஸ் அழகர்சாமியின் மகனுக்கே போனது.

சாயங்காலம் மதுரை ரோட்டோரமாக நடந்துகொண்டிருக்கும்போது கேட்டாள். "ஏம்மா பொய் சொன்ன?"

"வாய மூடிட்டு நட."

"பொய் சொன்னா பாவம்னு சாமியார் சொன்னாருல்ல."

"அந்தப் பாவத்த நா பாத்துக்குறேன். நீ ஓரமா நட, பஸ் வருது."

திங்கட்கிழமை பிரேயருக்கு முன்னால் டீச்சர் பாக்கியமேரியை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். வெளியே பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். யு.கே.ஜி. வரிசையில் இரண்டாவதாக ரோசரி, டையை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்து நாலு பேரு வீட்டுக்கே வந்துட்டாங்க பாக்கியம். நீ சொன்னத ஒருத்தரும் நம்பல."

"நா ஒத்துக்கிட்டேனே டீச்சர்."

"நீ ஒத்துக்கிட்ட. புள்ள முகம் ஒத்துக்கலயே. அது இங்க இருக்குற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் சுவத்தப் பாத்துக்கிட்டு நிப்பாங்க." டீச்சர் பேனாவைத் திறந்தார். "உன்ன ஒண்ணும் சொல்லல. நீ இரு. உன்ன மாதிரி வெட்டுற ஆளு எனக்குக் கெடைக்காது. பொங்கலுக்கு வெட்டப் பானை இருக்கு, கரும்பு இருக்கு, மாடு இருக்கு. புள்ளய மட்டும் உங்க பக்கத்து கவர்மெண்டு ஸ்கூல்லயே சேத்துடு. அங்க ஃபீஸே கெடையாது, மத்தியானம் சோறும் போடுறாங்க."

"முப்பது ரூவாக்கு வெட்டிட்டேனே டீச்சர். மீதி நாப்பத்தெட்டரைதான். தை மாசத்துக்குள்ள எப்படியாச்சும் கட்டிடுறேன். அவுங்கப்பாகிட்ட சொல்லி..."

"கட்டவே வேணாங்கிறேன். மொத்தமா தள்ளுபடி. உனக்கு லாபந்தான?"

வெளியே யாரோ இருமினார்கள். வெள்ளையம்மாள் பிள்ளைகளை அதட்டுகிற சத்தம் கேட்டது.

டீச்சர் நீளமான ரிஜிஸ்டரை விரித்தார். இடது ஓரத்தில் பேர், வலது ஓரத்தில் பாக்கி. சிவப்பு மை ஊற்றிய பேனா. மர ஸ்கேலைப் பக்கத்தின் குறுக்காக வைத்து அழுத்திப் பிடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தார். பேரும் போனது, எழுபத்தெட்டு ரூபாய் ஐம்பது காசும் போனது.

"இத எடுத்து அலமாரில வச்சிட்டு மணிய அடி."

பாக்கியமேரி ரிஜிஸ்டரை வாங்கிக்கொண்டாள். மை காயவில்லை. மூடினால் எதிர்ப்பக்கத்துப் பேர்களில் ஒட்டிக்கொள்ளும். அதனால் விரித்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய், வெயில் படுகிற ஜன்னல் கட்டையில் வைத்து, காற்றில் பக்கம் புரளாமல் ஓரத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு நின்றாள்.