வெற்றுக் கிளையின் நூற்று நாற்பது படங்கள்

கேமராக் கடைக்காரர் புதுக் கேமராவுக்கான மூன்றாவது லென்ஸை மேசைமேல் வைத்ததும் அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதிலும் குறை சொல்ல எதுவும் கிடைக்காவிட்டால் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கிவிட்டால், காட்டுக்குப் போகாமல் தட்டிக்கழிக்கச் சாக்கு இருக்காது.

இரண்டு மாதமாக அவள் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்: அந்தி வெளிச்சத்துக்குப் பழைய கேமரா தாங்கவில்லை, படம் புள்ளி புள்ளியாக விழுகிறது. கணவர் நம்பினார். வனத்துறைக்கு ஆந்தைப் படங்கள் கேட்டிருந்த ரேஞ்சரும் நம்பினார். நம்பாதவள் நாத்தனார் ஒருத்திதான். துணைக்கு வருகிறேன் என்று கடைக்கு ஒட்டிக்கொண்டு வந்தவளும் அவள்தான்.

"எங்கண்ணன ஒரே பார்வைல ஓகே பண்ணினவங்க, ஒரு லென்ஸுக்கு இவ்வளவு யோசிக்கறீங்களே அண்ணி."

"அதுல பட்டதாலதான் இதுல உஷாரா இருக்கேன்."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முதலில் காட்டிய பெரிய லென்ஸைத் தொட்டார். "வெளிச்சத்த அள்ளிக் குடுக்கறது இதுதான் மேடம். மூணு கிலோ இருக்கு, ஸ்டாண்டுல வைக்கணும்."

"கனம். அவசரத்துக்குத் தூக்கிட்டு நகர முடியாது."

"ஆந்தை துரத்திட்டு வருமா அண்ணி?"

அவள் பெரிய லென்ஸைக் கடைக்காரர் பக்கம் தள்ளினாள்.

"அப்ப மூணாவதா வெச்ச இந்த ஜூம் லென்ஸ். கையில பிடிச்சே எடுக்கலாம். வெளிச்சம் கொஞ்சம் கம்மிதான், ஆனா இந்தப் புதுக் கேமரால ஐஎஸ்ஓவ ஏத்திட்டா இருட்டுலயும் படம் விழும். சத்தமும் வராது. ஸ்டோர் ரூம்ல விளக்க அணைச்சுட்டு எடுத்துப் பாருங்க."

ஸ்டோர் ரூமில் கூரை வரை அட்டைப்பெட்டிகள். விளக்கை அணைத்துவிட்டு வலது கண்ணைக் கேமராவில் வைத்தாள். இடது கண் மூட மறுத்தது. பெட்டிகளுக்கு நடுவே இருட்டு ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது. அங்கே அட்டையைத் தவிர ஒன்றுமில்லை என்று தெரியும். தெரிந்தும் கழுத்து தானாக இடப்பக்கம் திரும்பியது. ஒரு படம்கூட எடுக்காமல் வெளியே வந்தாள்.

"இதுலயும் புள்ளிதான்."

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பழைய கேமராவோட மெமரி கார்டைக் குடுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துருவோம்."

அவள் வேண்டாமென்பதற்குள் நாத்தனார் பையைத் துழாவிக் கார்டை நீட்டிவிட்டாள். கணினித் திரையில் ஆந்தை வந்தது. இறகின் கோடுகளைக்கூட எண்ணிவிடலாம்.

"இதுக்கு என்ன மேடம் குறை?"

அடுத்த படத்தில் ஆந்தை இல்லை, கிளை மட்டும். அதற்கடுத்ததிலும் அதே கிளை. அவர் தட்டத் தட்ட, இம்மியும் நகராமல் அதே கிளை வந்துகொண்டே இருந்தது.

"நூத்தி நாப்பது படம். ஆந்தை பறந்தப்புறம் வெறுங் கிளைய எதுக்கு இப்படி எடுத்துத் தள்ளினீங்க?"

"எடுக்கல. பட்டன்லேர்ந்து விரல எடுக்க முடியல."

நாத்தனாரின் முகத்திலிருந்து கிண்டல் இறங்கியது.

"குளத்தோரம் புதருக்குப் பின்னால உக்காந்திருந்தேன். வலது கண்ணு கேமரால, இடது கண்ணு மூடியிருந்துச்சு. ஆந்தை பறந்துச்சு. அப்பதான் இடப்பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டுச்சு. கரடி. கைய நீட்டினா தொட்டிருக்கலாம். கேமரா படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கு, அது தலையச் சாச்சு அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே நிக்குது. என்ன நெனச்சுதோ, தானா போயிடுச்சு."

"ரேஞ்சர்ட்ட சொன்னீங்களா?"

"வெளிச்சம் பத்தலன்னு சொன்னேன். ஒரு கீறல்கூட இல்ல, என்னன்னு சொல்ல?"

நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அண்ணி, காலைல நீங்க குளிக்கறப்ப ரேஞ்சர் போன்ல பேசினார். நீங்க பொறுமையா கேமரா வாங்குங்கன்னார். வெளிச்சம்தான் பிரச்சனைன்னா பெரிய லென்ஸ் வெச்சிருக்கற ஆள அனுப்பிடறேன்னு, அதே குளத்துக்கு கல்யாணக்காரரப் போகச் சொல்லியிருக்காராம். இன்னிக்குச் சாயங்காலம்."

கல்யாண வீடுகளில் படமெடுத்துப் பிழைத்துக்கொண்டு, காட்டுக்கு ஆசையால் வருகிறவர் அவர். கடைச் சுவரில் மணி ஐந்தேகால்.

ரேஞ்சர் போனை எடுக்கவில்லை. கல்யாணக்காரரின் எண்ணைத் தேடி அழைத்தாள். ஏழாவது ரிங்கில் கிசுகிசுப்பாக ஒரு குரல்.

"யாருங்க? மெதுவாப் பேசுங்க, ஆந்தை உக்காந்திருக்கு."

"அண்ணே, கேமராலேர்ந்து கண்ண எடுங்க. சுத்திப் பாருங்க. மொதல்ல இடப்பக்கம்."

புல் நசுங்கும் சத்தம். எங்கோ தண்ணீர் சலசலத்தது.

"ஒண்ணும் காணோமேம்மா. ஏன்?"

"அந்த எடத்துல கரடி நடமாட்டம் இருக்கு. நான் பாத்தேன். பயந்துபோய் யார்ட்டயும் சொல்லல. என் தப்புதான். எழுந்து வந்துடுங்க அண்ணே."

போனில் ஸ்டாண்டின் கால்கள் மடியும் சத்தம் வந்தது: ஒன்று, இரண்டு. மூன்றாவது வெகு நேரம் வரவில்லை. நாத்தனாரின் நகம் அவள் மணிக்கட்டில் பதிந்திருந்தது. அப்புறம் அதுவும் மடிந்தது. சருகுகள் நொறுங்கின. முதலில் நடை, பிறகு ஓட்டம். கார்க் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கும்வரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.